ஜன்னல் வைத்த கடிதங்கள்

ஜனவரி 12

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமா என்று கேட்கக் கூடாதாம். உன் அம்மாவின் உத்தரவு. "ஆளாளுக்கு நலமா நலமான்னு கேட்டு அவளை அரிச்சு எடுக்கிறாங்க, நீயும் ஆரம்பிக்காதே" என்று போனில் சொன்னாள். அவள் என்னிடம் போனில் பேசிய கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியம் அது. கடைசி வாக்கியத்தை எழுதினால் காகிதம் கருகிவிடும்.

ஆகவே நலத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கேட்கப்போகிறேன்.

முதலில் உப்புத் தண்ணீர் விவகாரம். இருபத்தாறு வருஷம் பைப் வேலை பார்த்தவன் நான். எந்தக் குழாயில் கோளாறு என்றாலும் முதலில் என்ன செய்வோம்? தண்ணீரை வேகமாக விட்டு அலசுவோம். அதைத்தான் உனக்கும் சொன்னேன். அரை டம்ளரிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும் என்று நான் கண்டேனா? வாந்தி எடுத்தது நீ, வாங்கிக் கட்டிக்கொண்டது நான். இனிமேல் போன் கிடையாது, கடிதம் மட்டும். அதையும் அவள் முதலில் படித்து, வைத்தியம் எங்கே இருந்தாலும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் உன் கையில் தருவாளாம். அக்கா, நீ இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுத வராது என்று நினைத்துவிடாதே. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு. உன் பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வகுப்பு படித்த வாத்தியார் ஒருவரைக் காட்டு பார்ப்போம்.

இங்கே ஒரு புது ஆலை கட்டுகிறார்கள். பைப் வேலை முழுக்க என் தலைமையில்தான். நான் தும்மினால் நாற்பது பேர் ரெஞ்சைக் கீழே வைக்கிறார்கள். பழைய இடத்தில், அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில், சுவரில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடித்தேனே, அந்தப் புகழ்தான் என்னை இங்கே பதவி உயர்வில் கொண்டுவந்தது. பத்து இன்ஜினியர்கள் கருவியோடு நின்றார்கள். நான் காதோடு நின்றேன். "இங்கே உடைங்க" என்றேன். உடைத்தார்கள். அங்கேதான் இருந்தது!

அந்தக் காதை உன் வயிற்றில் வைத்துப் பார்க்கலாம் என்றால் நடுவில் ஒரு முழுப் பகல் பஸ் பயணம் இருக்கிறது. அதுவரைக்கும் நீ தினமும் காலையில் வெறும் வயிற்றில்

[இங்கே காகிதம் நான்கு வரிக்கு வெட்டப்பட்டிருக்கிறது]

ஆகவே நீயே எழுது. உள்ளே எத்தனை அடி குழாய்? எத்தனை வளைவு? வால்வு உண்டா? கசிகிறதா, அடைக்கிறதா? டாக்டர் எதை விட்டுப் பார்த்தார்? இதெல்லாம் தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் மாமா


ஜனவரி 21

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு ஜன்னலோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் என் கட்டில் தெரிந்தது. "அம்மா, என்ன வெட்டினே?" என்று கேட்டேன். "விளக்கெண்ணெய்" என்றாள். நன்றி சொல்லுங்கள் அவளுக்கு.

என் கடிதத்தை அம்மா படிக்க மாட்டாள். அது நோட்டு அக்கா போட்ட விதி. நோட்டு அக்கா என்றால் ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவு நர்ஸ். பார்க்கும்போதெல்லாம் "நோட்டு எங்கே?" என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அம்மாவிடம் அவர் சொன்னது: "இந்த வியாதி வந்தா ஊரே வயித்தையும் கக்கூஸையும் விசாரிக்கும். பதிமூணு வயசுப் பொண்ணுக்கு மூடுற கதவு ஒண்ணாவது வேணும்மா." அதனால் இந்த உறையை நானே ஒட்டுகிறேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சிறுகுடல் ஐந்தாறு மீட்டர். பெருங்குடல் ஒன்றரை மீட்டர். வளைவுகளை எண்ண முடியாது, அது சும்மா இருப்பதில்லை, நெளிந்துகொண்டே இருக்கிறது. வால்வு உண்டு! சிறுகுடல் பெருங்குடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒன்று. என் புண் அதற்குப் பக்கத்தில்தான். என்னை மயக்கத்தில் படுக்கவைத்து கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். படத்தை டாக்டர் காட்டினார். நல்ல இடம் ரோஜா நிறத்தில் வழவழவென்று இருக்கிறது. என் இடம் மழைக்குப் பிறகு லாரி போன மண் ரோடு மாதிரி இருக்கிறது.

க்ரோன் நோய் என்று பெயர். கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது, எதையோ தின்றதால் வந்ததும் இல்லை. உடம்பின் காவல்காரன் திருடனை அடிப்பதற்குப் பதிலாக வீட்டுச் சுவரை அடித்துக்கொண்டிருக்கிறான். அவனை அடக்கிவைக்கலாம், வேலையை விட்டு நிறுத்த முடியாது என்கிறார் டாக்டர். கதவு நிலையில் என் உயரத்துக்கு அப்பா போடும் பென்சில் கோடு ஒன்றரை வருஷமாக நகராமல் இருந்ததற்கும் இவன்தான் காரணமாம். நாங்கள் பென்சிலைச் சந்தேகப்பட்டோம்.

வைத்தியம் என்ன தெரியுமா? எட்டு வாரம் சாப்பாடே கிடையாது. பாட்டில் பானம் மட்டும், ஒரு நாளைக்கு ஏழு. நனைந்த அட்டைப்பெட்டியில் வெனிலா தடவின ருசி. ஒரு நீல நோட்டும் கொடுத்திருக்கிறார்கள். தினமும் எத்தனை தடவை போனேன், வலி பத்துக்கு எத்தனை, ரத்தம் உண்டா இல்லையா, மூன்றையும் எழுத வேண்டும். இன்று ஐந்து, ஆறு, உண்டு.

இன்னொன்று. போன வருஷம் போனில் அந்தக் கட்டடம் ஒன்பது மாடி என்றீர்கள்.

குண்டூசி


பிப்ரவரி 2

அன்புள்ள குண்டூசிக்கு,

வால்வு! நான் சொல்லவில்லையா? வால்வுக்குப் பக்கத்தில்தான் எல்லா வம்பும். இதை இங்கே கேன்டீனில் சொன்னேன். மொத்தக் கூட்டமும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டது. "சிறுகுடலும் பெருங்குடலும் சேருற இடத்துல ஒரு வால்வு இருக்கு, உனக்கு இருக்கு, எனக்கு இருக்கு, நம்ம மேஸ்திரிக்கும் இருக்கு" என்றேன். மேஸ்திரி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்களிடமும் கேமரா உண்டு. சாக்கடைக் குழாய்க்குள் விடுவது. கேபிள் மட்டும் அறுபது மீட்டர். உன்னுடையதைப் போலப் பத்துப் பேரைப் பார்த்துவிடலாம். ஆனால் எங்கள் குழாய்க்கு வலிக்காது. அதை நினைத்துத்தான் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டேன்.

உனக்குத் துணையாக நானும் மூன்று நாள் பாலும் தண்ணீரும் மட்டும் குடித்தேன். கண் இருட்டவில்லை, கால் தள்ளாடவில்லை. மூன்றாம் நாள் ஒற்றைக் கையால் ஆறங்குலப் பைப்பைத் தூக்கினேன். பானத்தில் ருசி வேண்டுமென்றால் அதில் கொஞ்சம்

[இங்கே ஒரு சின்ன ஜன்னல்]

கட்டடம் பதினான்கு மாடி. ஒன்பது என்று நான் சொல்லியிருந்தால் அன்று லைன் சரியில்லை.

அந்த நீல நோட்டைப் பற்றி இன்னும் எழுது. யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? எங்கள் பைப் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற மாதிரி ஏதாவது கேஜ் வைத்திருக்கிறார்களா?

உன் மாமா


மார்ச் 5

மாமாவுக்கு,

வலிக்குக் கேஜ் இல்லை. நான்தான் கேஜ். நான் சொல்வதுதான் எண். நோட்டு அக்கா வாராவாரம் பார்க்கிறார், மாதம் ஒருமுறை டாக்டர்.

ஏழு வாரம் ஆகிவிட்டது. அட்டைப்பெட்டி ஜெயித்துவிட்டது மாமா! வலி ஒன்று. ரத்தம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரே தடவை. எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. அப்பா பென்சிலைச் சீவி வைத்திருக்கிறார்.

ஆனால் சாப்பாட்டு மேசைதான் கஷ்டம். எனக்குக் காட்டிச் சாப்பிடக் கூடாது என்று அப்பா சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். சத்தம் வரக் கூடாது என்று மெதுவாக மெல்லுகிறார். மெதுவாக மெல்லுவதால் அரை மணி நேரம் மெல்லுகிறார். "அப்பா, வந்து உட்கார்ந்து சாப்பிடுங்க, இது இன்னும் மோசமா இருக்கு" என்றேன். "நான் ஒண்ணும் சாப்பிடலையே" என்றார், வாயில் வைத்துக்கொண்டு.

இப்போது பெரிய செய்தி. நான் ஒரு கேமராவை விழுங்கினேன். மாத்திரைதான், உள்ளே விளக்கும் கேமராவும் இருக்கிறது. குழாய் போக முடியாத நடுப்பகுதியைப் பார்ப்பதற்கு. அது வழியில் சிக்கிக்கொள்ளக் கூடாதே என்று முதலில் ஒரு ஒத்திகை மாத்திரை கொடுத்தார்கள். சிக்கினால் அதுவாகவே கரைந்துவிடும். சிக்கவில்லை. பிறகு உண்மையான மாத்திரை. இடுப்பில் ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடந்தேன், அது என்னைப் படம் எடுத்துக்கொண்டே போனது. எத்தனை ஆயிரம் படம் தெரியுமா! என் உள்ளே நானே போனது மாதிரி இருந்தது. பெரும்பாலும் ரோஜா நிறம்தான்.

அதைவிடப் பெரிய செய்தி. ஏப்ரல் 27-ஆம் தேதி அறிவியல் டீச்சர் எங்கள் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேரை வானாய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். மூன்று நாள். பெரிய தொலைநோக்கியில் சனியின் வளையத்தை நம் கண்ணாலேயே பார்க்கலாம். ஏப்ரல் 17-ஆம் தேதி டாக்டர் நோட்டைப் பார்ப்பார், அதுவரை அமைதியாக இருந்தால் போகலாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் என் இடத்தைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன், கதவுக்குப் பக்கத்தில்.

நீல நோட்டின் பின்பக்கத்தில் உங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். மாடிகள்: ஒன்பது, பதினொன்று, பதினான்கு. கட்டடம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது போல. என்னைவிட வேகமாக.

குண்டூசி


மார்ச் 14

அன்புள்ள குண்டூசிக்கு,

ஒத்திகை மாத்திரை! எங்கள் தொழிலைத் திருடிவிட்டார்கள். புதுக் குழாய் போட்டால் முதலில் ஒரு பந்தைத்தான் விடுவோம். இந்தப் பக்கம் விட்ட பந்து அந்தப் பக்கம் உருண்டு வந்தால் வழி சரி. வரவில்லை என்றால் தோண்டு. என் பந்து ஒன்றுகூடச் சிக்கியதில்லை. உன் டாக்டரைப் பார்க்கும்போது சொல், இது எங்களிடமிருந்து வந்த வித்தை என்று. கூச்சப்பட வேண்டாம் என்றும் சொல்.

கேமரா விழுங்கிய மருமகள் எனக்கு இருக்கிறாள் என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டேன். காலையில் மாத்திரை என்று ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் டி.வி. ஆகிவிட்டது. சாயங்காலம் வெல்டர் வந்து "எந்தச் சேனல்ல வருது?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

சனிக்கு எத்தனை வளையம்? எதனால் ஆனது? கழன்று விழாதா? போய்ப் பார்த்துவிட்டு எழுது. உன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கி வந்த பைனாகுலரையும் எடுத்துப்போ. பெரிய தொலைநோக்கி மக்கர் செய்தால் உதவும்.

அக்கா, இதில் வைத்தியம் ஒரு சொட்டுக்கூட இல்லை. கவனித்தாயா?

உன் மாமா


ஏப்ரல் 3

மாமாவுக்கு,

அம்மா கவனித்தாள். ஜன்னல் இல்லாமல் கடிதம் வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்துக்கூடப் பார்த்தாளாம், ஏதாவது ஒளித்து எழுதியிருக்கிறீர்களா என்று.

சாப்பாடு திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் பிஸ்கட்டைக் கால் மணி நேரம் தின்றேன். அப்பா இப்போது உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

இனிமேல் எழுதப்போவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நேற்று ஆறு தடவை. இரண்டு தடவை தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினேன். வலி ஏழு. ரத்தம் உண்டு. நோட்டில் எழுதியது இரண்டு, இரண்டு, இல்லை. பத்து நாளாக இப்படித்தான். அம்மாவுக்குச் சத்தம் கேட்காமல் இருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வீணாகிறது, அதற்கு உங்களிடம் மன்னிப்பு.

உண்மையை எழுதினால் 17-ஆம் தேதி டாக்டர் பஸ்ஸை நிறுத்திவிடுவார். நான் ஒன்றரை வருஷமாக எதற்கும் போகவில்லை. விளையாட்டு விழா, தோழியின் அக்கா கல்யாணம், ஒன்றுக்கும் இல்லை. எல்லாரும் என் உள்ளே பார்த்துவிட்டார்கள். நான் ஒரே ஒரு தடவை வெளியே, தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். மே மாதம் சரியாக எழுதிக்கொள்கிறேன். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும்?

இது ஒன்றும் புதுசு இல்லை, நம் குடும்ப வழக்கம்தான். நீங்கள் கூட்டுவீர்கள், நான் கழிக்கிறேன்.

பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட வேண்டாம், அம்மாதான் முதலில் படிப்பாள். யாரிடமும் சொல்லக் கூடாது. நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்று தெரியும். உங்களால் திட்டவும் முடியாது, இல்லையா?

குண்டூசி


ஏப்ரல் 10

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா, இதில் வைத்தியம் இல்லை. கத்தரிக்கோலைத் தேடாதே. நீயும் உட்கார்ந்து படி.

குண்டூசி, உன் பட்டியலில் மாடிக் கணக்கைத் திருத்திக்கொள். ஐந்து. அந்தக் கட்டடம் ஐந்து மாடி.

புதுக் குழாய் போட்டு முடித்ததும் சுவரை மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. எல்லா வாயையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவோம். கேஜ் முள் பத்தில் வந்து நிற்கும். அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். பத்திலேயே நின்றால் கசிவு இல்லை. இறங்கியிருந்தால் எங்கேயோ இருக்கிறது. பார்த்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டடத்தில் அது என் வேலை. உண்மையிலேயே என் வேலை.

அன்று காலையில் முள் ஏழில் இருந்தது.

ஏழு என்று எழுதினால் எல்லா இணைப்பையும் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். எனக்கு மத்தியானம் பஸ். மறுநாள் உன் பன்னிரண்டாவது பிறந்தநாள். வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வருஷமாக உன்னை ஏமாற்றியிருந்தேன். கேஜைத் தட்டிப் பார்த்தேன். குளிரில் முள் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், உனக்குத் தெரியும்.

வந்தேன். பைனாகுலரைக் கொடுத்தேன். நீ மொட்டை மாடிக்கு ஓடிப்போய், "மாமா, நிலாவுல அம்மை போட்ட தழும்பு மாதிரி இருக்கு" என்று கத்தினாய். நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் அந்தக் குரலை நினைத்தால் பாதி சரி என்று தோன்றுகிறது. அதுதான் இதில் இருக்கிற சங்கடம்.

சுவரைப் பூசினார்கள், ஓடு பதித்தார்கள், வர்ணம் அடித்தார்கள். வெளியே பார்த்தால் பளபள. ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த் தளத்தில் கூரைப் பூச்சு மொத்தமாக விழுந்தது. அது குழந்தைகள் நூலகம். முயல் படம் போட்ட சின்னச் சின்ன நாற்காலிகள். விடுமுறை, உள்ளே யாரும் இல்லை. நான் போய் நாற்காலிகளை எண்ணினேன். பன்னிரண்டு. இந்த எண்ணில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

சுவரில் காதை வைத்தது நான் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். அவள் சொன்ன இடத்தில் உடைத்தார்கள். அதற்கு முன்னால் இருபது மீட்டர் சுவரைச் சும்மா உடைத்திருந்தார்கள். ஒரு நட்டு அரைச் சுற்றுக் குறைவாக இருந்தது. அவ்வளவுதான்.

இன்ஜினியர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பைப்புன்னா கசியும்யா. அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லல. ஏழுன்னு எழுதியிருந்தா அன்னிக்கே ஒரு ரெஞ்சு, பத்து நிமிஷம். பத்துன்னு எழுதி வெச்சுட்டியே, நாங்க எதைப் பார்த்துத் தேடுறது?" என்றார்.

இங்கே எனக்குப் பதவி உயர்வு எதுவும் இல்லை. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் பைப் தூக்குகிறேன். கேஜ் பக்கம் என்னை விடுவதில்லை. நான் தும்மினால் யாரும் ரெஞ்சைக் கீழே வைப்பதில்லை, "துண்டை வாயில வெச்சுத் தும்முய்யா" என்கிறார்கள். மூன்று நாள் பாலும் தண்ணீரும் என்று எழுதினேனே, அது ஒரே ஒரு வேளைதான். அன்று கேன்டீன் பூட்டியிருந்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் இல்லை. மறைத்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

[இங்கே ஒரு வரி மட்டும், ஓரம் நேராக, வெட்டப்பட்டிருக்கிறது]

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. எழுதிவிட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

உன் மாமா


ஏப்ரல் 22

மாமாவுக்கு,

கடிதம் 13-ஆம் தேதி வந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூடினாள். அப்புறம் கடிதத்தை என் தலையணை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் நான்கு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம் என்றேன். நீங்கள் எழுதவும் இல்லை. அதனால் எதற்குக் கோபப்படுவது என்றுகூடச் சொல்ல முடியவில்லை, அதற்கும் சேர்த்துக் கோபம்.

17-ஆம் தேதி டாக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால் நோட்டு அக்காவிடம் சிவப்புப் பேனா கேட்டேன். இருபத்துநான்கு நாளையும் திருத்தினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மலப் பரிசோதனை முடிவு. குடல் புண்ணைக் காட்டுகிற எண், இரண்டு இலக்கத்தில் இருக்க வேண்டியது, நான்கு இலக்கத்தில் இருந்தது.

"இதையும் உன் நோட்டையும் வெச்சுக்கிட்டு எப்படிடா உன்கிட்ட கேக்குறதுன்னு காலையிலேர்ந்து உட்கார்ந்திருந்தேன். நீயே வந்துட்டே" என்றார்.

"திட்டுவீங்களா?"

"இந்த அலமாரியில இருக்குற நோட்டுல பாதி பொய்தான். ஒருத்தன் பரீட்சைக்கு, ஒருத்தி கல்யாணத்துக்கு. சிவப்புப் பேனா கேட்டது நீதான் முதல் ஆள்."

அம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வந்து என் பையைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "குழாயைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதுன்னு யாரு சொன்னா? குழாயைத் திறந்ததுதான் கேட்டுச்சு" என்றாள். "அப்ப ஏன் கேக்கல?" என்றேன். "நீ பஸ்ல சீட்டுப் பிடிச்சு வெச்சதைத் தினமும் சொல்லிக்கிட்டிருந்தியே" என்றாள். மறைப்பதில் நம் குடும்பத்தில் மூன்றாவது ஆளும் சேர்ந்துவிட்டாள் மாமா.

வானாய்வுக்கூடம் இல்லை. 24-ஆம் தேதி முதல் மருந்து, கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அந்தக் காவல்காரனின் கையைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. இரண்டு வாரம் கழித்து அடுத்தது, பிறகு இடைவெளி கூடும். டாக்டர், "இப்பவே தெரிஞ்சது நல்லது, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா அந்த இடம் சுருங்க ஆரம்பிச்சிருக்கும்" என்றார். செப்டம்பரில் அடுத்த குழு போகிறது, டீச்சர் என் பெயரை முதலில் எழுதிவிட்டார். ஆனால் செப்டம்பர் செப்டம்பர்தான். நேற்று நன்றாக அழுதேன். இதையும் கழிக்காமல் எழுதுகிறேன்.

இனி அந்த ஜன்னல். இந்தத் தடவை ஒரே வரி, ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி இருந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் துடைக்கிற துணி எடுக்கப் போனேன், அங்கே அந்தத் துண்டு மடித்து வைத்திருந்தது. "நம் குடும்பத்தில் உருப்படாதவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்" என்று உங்கள் அழகான கையெழுத்தில்.

"இதுல என்ன வைத்தியம் இருக்கு? எதுக்கு வெட்டினே?" என்று கேட்டேன்.

"அந்தக் கடுதாசியில அது ஒண்ணுதான் பொய்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பேசலாமாம். விளக்கெண்ணெய் என்ற சொல் வந்தால் அந்த நொடியே கட். ஆனால் கடிதமும் எழுதுங்கள். போனில் உங்கள் கையெழுத்துத் தெரியாது.

குண்டூசி


ஏப்ரல் 30

அன்புள்ள குண்டூசிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் உன் அம்மாவே பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன். இந்தத் தடவை கத்தரிக்கோல் என் கையில்.

சொட்டு மருந்தைப் பற்றி நீ ஒரே வரியில் எழுதியது போதாது. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? யார் எண்ணுகிறார்கள்? குழாயில் காற்று புகுந்தால் என்ன செய்வார்கள்? எங்களுக்குக் காற்றுதான் முதல் எதிரி, அதை வெளியேற்றுவதற்கென்றே தனி வால்வு வைப்போம். மருந்து கைக்குள் போய்க் குடலின் வால்வுப் பக்கத்தை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு யார் வழி சொன்னது? இங்கே வெல்டரும் மேஸ்திரியும் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். இரண்டு நாள் சமாளித்தேன். நேற்று "எனக்குத் தெரியாதுய்யா, அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெல்டர் எனக்குக் காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

போன வாரம் கேஜ் படிக்கிற ஆள் வரவில்லை. இங்கேயுள்ள இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லுய்யா" என்றார். ஒன்பதே முக்கால் என்றேன். "பத்துன்னு போட்டுக்கலாமா?" என்றார். கட்டடம் மொத்தமும் நின்று என்னைப் பார்த்தது, நாற்பது பேர், ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு. சரி, நான்கு பேர். ஒருவர் ரெஞ்சைக் கீழே வைத்தது உண்மை. "ஒன்பதே முக்கால்தான் சார்" என்றேன். தேடினோம். மூன்றாவது வளைவில் வியர்வை மாதிரி ஒரு துளி.

அந்தக் கட்டடம் ஐந்து மாடிதான், மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியும் நல்ல உயரம்.

இனி நாமிருவரும் எண்ணை மாற்றிக்கொள்வோம். இன்று நான் தூக்கிய பைப் அறுபது. இல்லை, நாற்பது. சரி, முப்பத்தாறு. அதில் இரண்டு சின்னது.

உன்னுடையது?

உன் மாமா


மே 9

மாமாவுக்கு,

மூன்று தடவை. நேற்று ஐந்து.

குண்டூசி